அங்கியைக் கழற்றிய பிறகும் நீதிபதியா?

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரை "முன்னாள் நீதிபதி" என்று அறிமுகப்படுத்தியதும் நமக்குள் ஒரு பணிவு வந்துவிடுகிறது. மற்றவர் சொன்னால் கருத்து. இவர் சொன்னால் தீர்ப்பு. சட்டத்தை நம்பிப் போராடுகிற நாம் இந்தப் பணிவைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வரலாறு.

ஆண்ட்ரூ நபோலிட்டானோ 1950இல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் பிறந்தவர். 1987 முதல் 1995 வரை அம்மாநில சுபீரியர் நீதிமன்றத்தில் நீதிபதி. 1998இல் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் சட்ட விமர்சகராகச் சேர்ந்து 2021 வரை நீடித்தார். நீதிபதி நாற்காலியில் 8 ஆண்டுகள். கேமராவுக்கு முன்னால் 23 ஆண்டுகள். திரையில் கடைசிவரை அவர் பெயர் "ஜட்ஜ்"தான். அரசியல் சாசனம் பற்றி வரிசையாகப் புத்தகங்களும் எழுதினார்.

அவரைச் சாதாரண ஆளும்கட்சி ஊதுகுழல் என்று தள்ளிவிட முடியாது. ஃபாக்ஸ் நியூஸ் வலதுசாரிகளின் கோட்டை. அங்கே உட்கார்ந்துகொண்டே சித்திரவதையையும், குடிமக்களின் தொலைபேசியை அரசு ஒட்டுக்கேட்பதையும் எதிர்த்தார். 2019இல் முல்லர் அறிக்கை வந்தபோது, டிரம்ப் செய்தது நீதிக்குத் தடை போடும் குற்றம் என்று பேசினார்.

அதே மனிதர் 2017 மார்ச்சில் இன்னொன்றும் சொன்னார். டிரம்பை வேவு பார்க்க ஒபாமா பிரிட்டன் உளவுத்துறையைப் பயன்படுத்தினார் என்றார். வெள்ளை மாளிகையின் செய்திச் செயலாளர் அதை மேடையிலேயே எடுத்துக் காட்டினார். பிரிட்டன் உளவு அமைப்பு அபத்தம் என்று மறுத்தது. அவர் வேலை பார்த்த தொலைக்காட்சியே தங்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை என்று அறிவித்தது. சில நாட்கள் அவர் திரையில் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் இப்படி நடக்குமா? அங்கே இரு தரப்பையும் கேட்க வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். தவறென்றால் மேல்முறையீடு உண்டு. நீதிபதியின் சொல்லுக்கு மதிப்பு தருவது இந்தக் கட்டுப்பாடுகள்தான். ஸ்டுடியோவுக்குள் இவை எதுவும் வருவதில்லை. பட்டம் மட்டும் வருகிறது.

நமக்கு முக்கியமான பகுதி இனிதான். 2009இல் நபோலிட்டானோ 'டிரெட் ஸ்காட்டின் பழிவாங்கல்' என்று பொருள்படும் தலைப்பில், அமெரிக்கச் சட்டத்தில் இனப் பாகுபாட்டின் வரலாற்றை எழுதினார். டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே அல்ல என்று 1857இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மனிதனின் உரிமை இயற்கையிலேயே அவனுக்கு உண்டு, அதை மிதித்தது அரசு உருவாக்கிய சட்டம் என்பது புத்தகத்தின் வாதம்.

இது உண்மை. ஆனால் பாதி உண்மை. இந்த வரலாற்றில் முதல் குற்றவாளி அரசு. அப்படியானால் தோட்ட முதலாளி? மரத்தில் தூக்கிலிட்ட கும்பல்? உணவகக் கதவை மூடியவன்?

அந்த விடுபட்ட பாதி 2014இல் வெளிப்பட்டது. லிங்கன் போர் தொடுத்திருக்க வேண்டியதில்லை, பணம் கொடுத்து அடிமைகளை மீட்டிருக்கலாம், அடிமைமுறை தானாகவே செத்திருக்கும் என்று தொலைக்காட்சியில் வாதிட்டார். லிங்கன் அதை முயன்றார் என்பதே வரலாறு. 1862இல் எல்லை மாநிலங்களுக்கு நஷ்டஈட்டுத் திட்டத்தை முன்வைத்தார், அவை ஏற்கவில்லை. தலைநகர் வாஷிங்டனில் மட்டும் அது சட்டமானது. ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு. யாருக்கு? உடைமையாளருக்கு! விடுதலையானவர் நாட்டைவிட்டே வெளியேறச் சம்மதித்தால் அவருக்கு 100 டாலர் வரை. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். அடிமைமுறை தானாகச் சாகும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி எழாத இடத்திலிருந்துதான் அந்த வாதம் வருகிறது.

அரசை மட்டும் எதிரியாகப் பார்க்கும் சட்டம் என்ன செய்யும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. விடுதிகளிலும் ரயில்களிலும் நாடக அரங்குகளிலும் நிறப் பாகுபாட்டைத் தடுக்க 1875இல் ஒரு சட்டம் வந்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 14ஆவது திருத்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் செய்யும் பாகுபாட்டை அல்ல என்றது. விடுதிக் கதவைத் திறக்க வைக்கும் கூட்டாட்சிச் சட்டம் மறுபடி வர 1964 ஆயிற்று. இடையில் 81 ஆண்டுகள்.

அண்ணல் அம்பேத்கர் இந்த வரலாற்றை அறிந்தவர். 1947இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலின் குறிப்புகளில் அமெரிக்காவின் 1866, 1875 சட்டங்களை எடுத்துக்காட்டுகிறார். அரசு தலையிடாத சுதந்திரம் என்பது நிலவுடைமையாளருக்கும் முதலாளிக்குமான சுதந்திரமாகிவிடும் என்றும் அதில் வாதிடுகிறார். நமது அரசியல் சாசனத்தின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கும்போது "அரசு" என்ற சொல்லோடு நின்றுவிடவில்லை. யார் கடைப்பிடித்தாலும் குற்றம். 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே பேசுகிறது. இரட்டைக் குவளை வைக்கும் தேநீர்க் கடைக்காரர் அரசு அதிகாரி அல்ல. ஆனாலும் அவரைக் கூண்டில் ஏற்ற முடிகிறதென்றால் காரணம் இதுதான்.

முன்னாள் நீதிபதிகள் பேசட்டும், எழுதட்டும். சட்டம் மக்களிடம் வருவது நல்லது. கேட்கும்போது நாம் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருப்போம். சொல்வதற்கு ஆதாரம் எங்கே? மறுதரப்பு எங்கே? இவர் பேசும் சுதந்திரம் யாருடைய சுதந்திரம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அங்கே பேசுவது நீதிபதி அல்ல, நீதிபதியின் பட்டம்.