லேப்டாப் நீலத் திரையில் நின்னுடுச்சா? 'ரெக்கவரி டிரைவ்' காப்பாத்தும்... ஆனா எல்லாத்தையும் இல்லை!

நாளை காலை காலேஜில் புராஜெக்ட் கொடுக்கணும். இன்று இரவு லேப்டாப்பை ஆன் செய்தால் நீலத் திரை மட்டுமே வருகிறது. மறுநாள் ஸ்ரீரங்கத்தில் 1-ம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி, "டேட்டா வேணுமா, ஃபார்மட் பண்ணிடலாமா?"

இது யாருக்கும் நடக்கலாம். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தீர்வுகளில் ஒன்று, பென் டிரைவில் இருந்து இயங்கும் ரெக்கவரி டூல்.

நல்லா இருக்கும்போதே தயார் பண்ணுங்க

32 ஜி.பி காலி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். விண்டோஸ் தேடலில் 'ரெக்கவரி டிரைவ்' என்று டைப் செய்து திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் பேக்கப் எடுக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், சார்ஜரில் போட்டுவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதைப் புதுசா எடுப்பது நல்லது.

மக்கர் பண்ணினா என்ன செய்யணும்?

* பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்துங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி-யில் எஃப்9.
* பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து 'டிரபுள்ஷூட்' பகுதிக்குப் போங்கள்.
* முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', அடுத்து 'சிஸ்டம் ரீஸ்டோர்'. இந்த இரண்டும் உங்கள் ஃபைல்களைத் தொடாது.
* எதுவும் சரிவரவில்லை என்றால் மட்டும் 'ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்'.

பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பாருங்கள். அதை இன்றே ஒரு நோட்டில் எழுதிவைப்பது பாதுகாப்பு.

இங்கேதான் பலர் ஏமாறுறாங்க

கடைசி ஆப்ஷன் விண்டோஸை மட்டுமே திரும்பத் தரும். உங்கள் போட்டோ, புராஜெக்ட், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும். ரெக்கவரி டிரைவில் அவை இருக்காது. அதை அழுத்தும் முன், நண்பரின் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து லேப்டாப்பைத் திறந்து ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுக்க முயலுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் கடைக்காரரிடம், "டேட்டா வேணும், ஃபார்மட் பண்ணாதீங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆக, விண்டோஸுக்கு ஒரு பென் டிரைவ், ஃபைல்களுக்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் அல்லது கிளவுட். இரண்டுமே வேணும். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவெச்சிடுங்க!