இரணைமடுச் செம்மண்ணும் விலகிப் போன கடலும்

2002ஆம் ஆண்டு ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், செய்தி சேகரிக்க அடிக்கடி வன்னிக்குச் சென்று வந்தேன். திரும்பும்போதெல்லாம் சட்டைக் கழுத்தில் செம்புழுதி படிந்திருக்கும். எவ்வளவு துவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் புழுதியில் பழங்காலக் கடற்கரை மணலும் கலந்திருக்கக்கூடும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

புவிச்சரிதவியலாளர் அந்த மண்ணை 'இரணைமடுப் படிவம்' என்று அழைக்கின்றனர். கிளிநொச்சிக் குளத்தின் பெயர் தெற்கே புந்தல வரையுள்ள கரையோரச் செம்மண்ணுக்கும் நிலைத்துவிட்டது. அடியில் கிறவல், அதன்மேல் காற்று குவித்த மணல். இரும்புத் துருவேறி அது சிவந்தது. அக்கிறவலில் ஆதிமனிதரின் கற்கருவிகள் கிடைப்பதைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல 1992இல் வெளிவந்த தமது பெருநூலில் விரிவாக எழுதியுள்ளார்.

பழைய கரை உள்நாட்டில் காணப்பட்டால், நிலம் உயர்ந்ததா, கடல் தாழ்ந்ததா? கரையோரம் நெடுக அதன் உயரத்தை அளக்க வேண்டும். கடல் வடிந்திருந்தால் உயரம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நிலம் எழுந்திருந்தால் ஓரிடத்தில் கூடியும் பிறிதோரிடத்தில் குறைந்தும் சரிந்து செல்லும். 1835இல் சிலி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியபின், சாந்தா மரியாத் தீவில் பாறையோடு ஒட்டியபடியே செத்துக் கிடந்த சிப்பிகளைக் கொண்டு கப்டன் ஃபிட்ஸ்ராய் அளந்தார். தீவு எட்டு முதல் பத்து அடி வரை உயர்ந்திருந்தது. அவருடைய கப்பலில் வந்த டார்வின் என்ற இளைஞருக்கு மலைகள் உருவாகும் விதம் பற்றிச் சிந்திக்க அது பெரும் தூண்டுதலாயிற்று.

வன்னியின் கதை வேறு. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பனிப்பாளங்களாக உறைந்திருந்தபோது, கடல் இன்றைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரை. இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். கடவுச்சீட்டுத் தொல்லையும் இல்லை! பனி உருகக் கடல் ஏறிற்று. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் சற்றுத் தாண்டியது. தென்னிலங்கைச் சிப்பிப் படுகைகளைக் கதிரியக்கக் கரிமத்தால் கணித்து, கட்டுப்பொத்தவும் புஜிவாராவும் 1988இல் இதைக் காட்டினர். பின்னர் நீர் மெல்ல வடிந்தது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் முதலிய களப்புகளின் வாயில் மணற்றிடர்கள் வளர்ந்தன. உலகம் 2009 மே மாதத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கும் நந்திக்கடலுக்கு இத்தனை நீண்ட வயது.

ஆகவே இங்கே பெரும்பாலும் நகர்ந்தது கடல்தான் என்பதே என் முடிவு. ஆனால், நிலம் எழும் நிகழ்வுக்கும் வன்னிக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியவில்லை.

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவை அடுத்த சிமெலூ தீவின் வடமேற்குக் கரை சில நிமிடங்களில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயர்ந்தது. நீருக்கு மேலே வந்த பவளப்பாறைகள் வெயிலில் வெளுத்துச் செத்தன. பவளம் மரத்தைப் போல ஆண்டு வளையம் இடும்; வற்று மட்டத்துக்கு மேலே வளராது. அந்த வளையங்களைக் கொண்டு கெரி சீயின் குழுவினர் தீவு பல நூற்றாண்டுகளாக எழுந்தும் அமிழ்ந்தும் வந்த வரலாற்றைப் படித்தனர். அதே அசைவில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீற்றருக்கு மேல் அமிழ்ந்தது. அதே அசைவு கிளப்பிய அலை சுமார் இரண்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவை வந்தடைந்தது.

சிமெலூ மக்களிடம் 'ஸ்மொங்' என்றொரு சொல் இருந்தது. 1907இல் வந்த அலையின் நினைவு அது. நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தனர். எண்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களில் இறந்தவர் ஏழு பேர் மட்டுமே.

2005 ஜனவரியில் நான் முல்லைத்தீவு கடற்கரைக்குப் போனேன். வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரங்களே எஞ்சியிருந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர், கடல் வற்றியதும் அவர்கள் மீன் பொறுக்க இறங்கியதைச் சொன்னார். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே, தம்பி" என்றார். குறிப்பேட்டை மூடிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.