முதியோர் மோசடித் தடுப்புச் சட்டங்கள் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

முதியோரின் சேமிப்பையும் அடையாளத் தகவல்களையும் ஏமாற்றிப் பறிப்பதைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் படிப்படியாக இயற்றிய கூட்டாட்சிச் சட்டங்கள் இவை.

தொலைபேசிவழி விற்பனை மோசடிக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் சிறைத்தண்டனை விதித்தது. 55 வயதைக் கடந்தோரைக் குறிவைத்த குற்றங்களுக்கு அக்கூடுதல் 10 ஆண்டு வரை நீளலாம். 2017ஆம் ஆண்டின் முதியோர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதனை மின்னஞ்சல் மோசடிக்கும் விரித்ததோடு, ஒவ்வொரு கூட்டாட்சி நீதி மாவட்டத்திலும் இவ்வழக்குகளை ஒருங்கிணைக்க ஓர் அரசு வழக்கறிஞரை அமர்த்தவும் வகைசெய்தது.

அடையாளத் திருட்டு, அதாவது ஒருவரின் பெயர், எண் முதலியவற்றைக் கவர்ந்து அவராகவே நடித்துக் குற்றம் புரிதல், 1998இல் தனிக் கூட்டாட்சிக் குற்றமாயிற்று. முதியோருக்கான மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் அட்டைகளில் சமூகப் பாதுகாப்பு எண்ணே அச்சிடப்பட்டு வந்ததால், தொலைந்த அட்டை திருடருக்குத் திறவுகோலாகும் நிலை இருந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வெண் நீக்கப்பட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த 11 இலக்கக் குறியீடு கொண்ட புதிய அட்டைகள் 2018 ஏப்ரல் முதல் அனுப்பப்பட்டன.

65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் பணச்சுரண்டலுக்கு ஆளாவதாக ஐயுற்று, நல்லெண்ணத்துடன் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பயிற்சி பெற்ற வங்கி ஊழியருக்கு 2018ஆம் ஆண்டின் முதியோர் பாதுகாப்புச் சட்டம் வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. எனினும் அது புகார் செய்வதைக் கட்டாயமாக்கவில்லை. அக்கடமை அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.