தண்ணீர்மலையில் தண்ணீரைக் காணோம்

பினாங்கில் எந்தத் தமிழரிடம் கேட்டாலும் தண்ணீர்மலைக்கு வழி சொல்லிவிடுவார். தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் மலை, 513 படி, மேலே பாலதண்டாயுதபாணி. சரி, அந்தத் தண்ணீர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். பெயரில் மட்டும்தான் தண்ணீர் இருக்கிறது. பெயருக்குக் காரணமான அருவி, கோயிலைத் தாண்டி, தாவரத் தோட்டத்தையும் தாண்டி, குடிநீர் நிறுவனத்தின் வேலிக்குப் பின்னால் விழுந்துகொண்டிருக்கிறது. அனுமதி வாங்காமல் போய்ப் பார்க்க முடியாது. வாரந்தோறும் நடைக்குப் போகிறவர்களிலேயே அருவியை நேரில் பார்த்தவர்கள் குறைவு.

இந்த இடத்துக்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு அது வாட்டர்ஃபால் கார்டன்ஸ். மலாய்க்காரர்கள் கெபுன் பூங்கா, பூந்தோட்டம், என்கிறார்கள். ஹொக்கியன் பேசும் சீனர்களுக்கு அங்மோ ஹுவே ஹங், அதாவது வெள்ளைக்காரன் தோட்டம். நாம் மட்டும்தான் தோட்டத்தை விட்டுவிட்டு மலையையும் தண்ணீரையும் பெயரில் வைத்துக்கொண்டோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்ற சொல்லுக்குப் பூவோடு சம்பந்தமே கிடையாது. தோட்டம் என்றால் ரப்பர், செம்பனை, லயத்து வீடு, பெரட்டு, கங்காணி. என் பாட்டி கெடாவில் ஒரு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். "பாட்டி, தோட்டத்துக்கு நடக்கப் போறேன்" என்று ஒரு நாள் சொன்னதற்கு, "எந்தத் தோட்டம்டா? அங்க என்ன சும்மா போயி நடக்கிறது?" என்று கேட்டார். அவர் அறிந்த தோட்டத்தில் யாரும் சும்மா நடந்ததில்லை. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போவார்கள், பால் எடுப்பார்கள், திரும்பி வருவார்கள். மலாய்ச் சொல்லான 'தாமான்' இன்னும் வேடிக்கை. அகராதியில் அது பூங்கா. நடைமுறையில் பாதி நேரம் அது வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு. ஒரு மரம்கூட இல்லாத தாமான்களில் நானே குடியிருந்திருக்கிறேன்.

இந்தச் சொல் குழப்பத்துக்கு அடியில் ஒரு வரலாறு ஓடுகிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது தீவு முழுக்கக் காடு. காட்டை வெட்ட ஆள் மசியவில்லையாம். பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம், காசைத் தேடிப் போனவர்கள் வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போனார்களாம். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லப்படும் கதை இது. உண்மையோ இல்லையோ, அந்த வெட்டவெளி ஓரத்தில்தான் இன்றைக்கு நகரத்தார் காற்று வாங்கும் பாடாங் கோத்தா லாமா இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் முதல் பசுந்திடல் பசுமையை வெட்டியதால் கிடைத்தது.

அடுத்து வந்தவை பூங்காக்கள் அல்ல, வாசனைப் பயிர்த் தோட்டங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டச்சுக்காரர்களின் ஜாதிக்காய், கிராம்பு வியாபாரத்தின் மேல் ஒரு கண். கிறிஸ்டபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் வளர்த்த தோட்டம் சில ஆண்டுகளில் ஏலத்துக்குப் போனது. 1822இல் இரண்டாவது தோட்டம் வந்தது. 1834இல் ஆளுநர் மர்ச்சிசன் அதையும் விற்றுவிட்டார். சமையலறைக்குப் போதுமான காய்கறி அங்கிருந்து வரவில்லை என்று அவர் மனைவிக்குக் குறையாம், அதனால்தான் விற்றார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு தோட்டம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த அம்மாளிடம் தெளிவான பதில் இருந்தது!

மூன்றாவதுதான் நிலைத்தது. 1884இல் சார்லஸ் கர்டிஸ் பினாங்குக்கு வந்தார். இங்கிலாந்தில் வீச் என்ற நாற்றுப்பண்ணைக்காரர்களுக்காக போர்னியோ, சுமத்ரா, மடகாஸ்கர் என்று அலைந்து ஆர்க்கிட்டும் குடுவைச்செடியும் தேடியவர். ஒரு நெப்பந்திஸ் இனத்துக்குப் பிற்பாடு அவர் பெயர் சூட்டினார்கள். காடுகளுக்கும் தோட்டங்களுக்குமான உதவிக் கண்காணிப்பாளராக அவருக்கு ஒப்படைக்கப்பட்ட இடம் கருங்கல் வெட்டி எடுத்த பழைய குவாரி. மூன்று பக்கமும் மலை, நடுவில் பள்ளம், பள்ளத்தின் ஊடே அருவியிலிருந்து இறங்கும் ஓடை. கல்லுடைத்த காயத்தை மண் போட்டு மூடி, பாதை போட்டு, மரம் வைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தார். 1903இல் ஓய்வு பெற்றுப் போனார். இன்று நாம் சுற்றி நடக்கும் பாதையின் அடிப்படை வடிவம் அவர் போட்டதுதான்.

கர்டிஸைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், எழுதட்டும். குழி தோண்டியவர்கள், கன்று சுமந்தவர்கள், புல் செதுக்கியவர்கள் பெயர் நான் படித்த எதிலும் வரவில்லை. பினாங்கின் பழைய சாலைகளில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் போட்டார்கள், 1873இல்தான் அந்த முறை நின்றது. அதற்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். எதிர்க்கரையில் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. காலனித் தாவரத் தோட்டம் என்பது காற்று வாங்க வைத்த இடம் மட்டுமல்ல, எந்தப் பயிர் எந்த மண்ணில் காசாகும் என்று சோதிக்கும் கூடம். 1877இல் கியூவிலிருந்து சிங்கப்பூர் தோட்டத்துக்கு வந்த ரப்பர் கன்றுகள் பிறகு தீபகற்பம் முழுக்கப் பரவியதும், அந்த மரத்தின் பின்னால் லட்சக்கணக்கான தமிழர்கள் வந்ததும் தெரிந்த கதை. என் பாட்டியின் தோட்டமும் இந்தத் தோட்டமும் ஒரே சொல்லில் அடங்குவது வெறும் மொழி விபத்து இல்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

அருவித் தண்ணீர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வாய் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. கப்பல்காரர்களுக்குப் பினாங்குத் தண்ணீர் மேல் தனி மரியாதை. அதே அருவியோரத்தில் தமிழர்கள் ஒரு சின்ன முருகன் சன்னதி வைத்திருந்தார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. மலை, சுனை, வேல். முருகனுக்கு வேறென்ன வேண்டும்? நகரத்தார் 1850களில் சாலையோரமாகத் தங்கள் கோயிலைக் கட்டினார்கள். 1894இலிருந்து வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முந்திய நாள் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்கு வருகிறது. கூட்டம் பெருகப் பெருக, குடிக்கும் தண்ணீரில் ஆயிரம் பேர் குளிப்பதா என்ற கேள்வி நகராட்சிக்கு வந்தது. சன்னதி அருவியை விட்டு இறங்கி எதிர் மலைக்குப் போனது. இன்றைய மலைக்கோயில் அதன் தொடர்ச்சி. 2012இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

பொறியாளனாக யோசித்தால் நகராட்சியைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. காலரா ஊரையே தூக்கிப்போட்ட நூற்றாண்டு அது. நீர்ப்பிடிப்புப் பகுதியை மூடிவைப்பது சரியான காரியம். ஆனால் அதே பொறியியல் மூளை 1910இல் ஒரு படி மேலே போனது. மூன்று பக்கம் மலை, ஒடுங்கிய வாய், பள்ளத்தில் ஓடை என்றால் எந்த சிவில் பையனும் உடனே அணை வரைந்துவிடுவான். ஊருக்குத் தண்ணீர் போதவில்லை, இந்தப் பள்ளத்தை நீர்த்தேக்கமாக்கு என்று முடிவாகித் தோட்டம் நகராட்சி கைக்குப் போனது. கர்டிஸ் நட்ட இருபது வருஷத்து மரங்கள் முழுகவிருந்தன. திட்டம் கைவிடப்பட்டு 1912இல் தோட்டம் திரும்பி வந்தது. ஆக, முருகனைத் தண்ணீருக்காக நகர்த்த முடிந்தது, தோட்டத்தை நகர்த்த முடியவில்லை. இதை நான் பக்திக் கோபத்தில் சொல்லவில்லை. எது பொதுச்சொத்து, எது இடைஞ்சல் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்திய ஆண்டும் 1910தான்.

போருக்குப் பிறகு சிங்கப்பூர் தனியாகப் பிரிந்தபோது பினாங்குத் தோட்டமும் சிங்கப்பூரின் பிடியிலிருந்து தனியானது. இங்கே 1950களிலிருந்து உள்ளூர்க்காரர்களே பொறுப்பேற்றார்கள். ஏறக்குறைய 29 ஹெக்டேர், இன்றுவரை நுழைவுக் கட்டணம் இல்லை. விடியற்காலையில் போனால் ஊரின் குறுக்குவெட்டைப் பார்க்கலாம். தைச்சி ஆடும் சீனப் பாட்டிமார், துடுங் அணிந்து ஓடும் கல்லூரிப் பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் நம்ம ஊர்ப் பெரியவர்கள். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. நீண்டவால் குரங்குகள் மட்டும் எல்லார் பையையும் சமமாகப் பறிக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் மேலே கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே வந்தால் பாலா ஜூஸ், அதாவது ஜாதிக்காய்ச் சாறு. கிறிஸ்டபர் ஸ்மித்தின் தோட்டம் போய்விட்டது, புளிப்பு மட்டும் மிச்சம்.

அங்கே நான் அதிக நேரம் நிற்கும் இடம் நாகலிங்க மரத்தடி. பூ கிளையில் வராது, அடிமரத்திலிருந்து நேராக முளைக்கும் காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பீரங்கிக் குண்டு மாதிரி காய். பூவுக்குள்ளே படமெடுத்த நாகம், அதன் கீழே லிங்கம். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் பார்க்கும்போது ஆதியிலிருந்தே நம்முடையது என்றுதான் தோன்றும். ஆனால் அது தென்னமெரிக்க மரம், ஐரோப்பியரின் கப்பல் வழியாக நம் பக்கம் வந்தது. பக்கத்தில் குடைபிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். சாயங்காலம் இலை மடிவதால் மலாய்க்காரர்கள் அதை 'ஐந்து மணி மரம்' என்பார்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. யாரோ ஒரு தோட்டக்காரர் எங்கோ ஒரு விதையைப் பொட்டலம் கட்ட, இன்னொரு கடற்கரையில் அது சாமியாகிவிடுகிறது. வந்தேறி என்று நம்மைச் சிலர் திட்டும்போது எனக்கு இந்த மரம் ஞாபகம் வரும்.

2021 ஜனவரியில் ரதம் ஊர்வலம் வரவில்லை. நடமாட்டக் கட்டுப்பாடு. வழக்கமாகத் தேங்காய் ஓடும் தண்ணீர்ப் பந்தலுமாக இருக்கும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 12,481 ஹெக்டேர், தாவரத் தோட்டமும் அதற்குள் வருகிறது. பெருமையான விஷயம்தான். அதற்கு நாலு வருஷம் முன்பு, 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு கொட்டிய மழையில் இதே மலை பல இடங்களில் சரிந்தது, தீவில் வெள்ளம் புகாத பகுதி குறைவு. மலைக்கு மேல் எதைக் கட்டினாலும் கீழே யாரோ ஒருவர் வீட்டில் தண்ணீர் ஏறும் என்பதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தோம்.

இப்போது கேபிள் கார். 1923இலிருந்து ஆயர் ஈத்தாம் பக்கம் மலை ரயில் ஓடுகிறது, விடுமுறை நாளில் வரிசை தாங்காது. அதனால் இன்னொரு வழி, அதன் அடி நிலையம் தாவரத் தோட்டத்துப் பக்கத்தில். மலை ரயிலின் பராமரிப்புக்கு ஒரு மாற்று வேண்டும் என்ற வாதத்தில் பொறியியல் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் வாட்டர்ஃபால் ரோட்டின் அகலம் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காடி நிறுத்த இடம் கிடைக்காத சாலை அது. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் ஓடை, நடுவில் சுற்றுலாப் பேருந்து என்றால் யார் நகர்வது? போன தடவை யார் நகர்ந்தார்கள் என்பதுதான் மேலே சொன்ன கதை. தைப்பூசத்துக்கு மூன்று நாள் மூடிக்கொடுக்கும் சாலையை இனியும் அப்படியே கொடுப்பார்களா என்று கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "குடுக்காம என்ன தம்பி, முருகன் நடந்தே வருவாரு" என்றார். அவர் நம்பிக்கை அவருக்கு. நான் போக்குவரத்து ஆய்வைப் படிக்க விரும்புகிறேன்.

வேலிக்குள் பிடித்தது போக மிஞ்சிய தண்ணீர் ஓடையாகத் தோட்டத்துக்குள் இறங்குகிறது. பாலத்தடியில் பிள்ளைகள் காலை நனைப்பார்கள். மீன்குஞ்சு தெரியும், அவ்வளவு தெளிவு. சுங்கை ஆயர் தெர்ஜுன் என்பது அதன் பெயர், அருவி ஆறு. அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கு இடையே கான்கிரீட் கரைகளுக்குள் புகுந்து, சுங்கை ஆயர் ஈத்தாமோடு சேர்ந்து சுங்கை பினாங்காகிறது. நாட்டின் அழுக்கான ஆறுகளில் ஒன்று என்று பல காலம் பெயர் வாங்கிய ஆறு அது. தோட்டத்துப் பாலத்திலிருந்து கிளம்பினால் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் அதன் கரைக்குப் போய்விடலாம். முதல்முறை போனபோது அது இந்தத் தண்ணீர்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.