கண்ணிமைத் துடிப்பு பற்றிய புரிதலின் வரலாறு

கண்ணிமைத் துடிப்பு என்பது இமையை மூடும் தசை, நமது விருப்பமின்றித் தானாகவே மெல்லத் துடிப்பதாகும். இது பெரும்பாலும் ஒரு கண்ணின் கீழிமையில் தோன்றி, சில நொடிகளில் நின்று, மீண்டும் வரும். பெரும்பாலோருக்கு இது தீங்கற்றது. ஆனால் இதை ஒத்துத் தொடங்கி, நாளடைவில் கண்ணைத் திறக்கவே விடாத நோயும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை துன்புற்றவர் பலர்.

நிமித்தம்

தமிழ் மரபில் கண் துடிப்பது வரப்போவதை உணர்த்தும் நிமித்தமாகக் கருதப்பட்டது. பெண்களுக்கு இடக்கண்ணும் ஆண்களுக்கு வலக்கண்ணும் துடித்தால் நன்மை என்பது நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவு ஊரெடுத்த காதையில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. கம்பராமாயணத்தில் அசோகவனத்துச் சீதை, தன் இடக்கண் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்கிறாள். இந்நம்பிக்கை இன்றும் பேச்சுவழக்கில் உள்ளது. காப்பியங்களில் அது கதையின் போக்கை முன்னுணர்த்தும் உத்தி. துடிப்பு ஏன் வருகிறது என்பதற்கு அதில் விடை இல்லை.

மனநோயா, நரம்பு நோயா?

அந்த விடையைத் தேடும் முயற்சி ஐரோப்பிய நரம்பியலில் வலுப்பெற்றது. 1910-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் என்றி மெய்ஜ், இரு கண்களின் இமைகளும் இறுகி மூடிக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிளெபரோஸ்பாசம் எனப்படும் இந்நோயில் விழிக்குக் குறைவில்லை. ஆனால் இமை திறவாததால் நோயாளி பார்வையற்றவர் போலாகிவிடுவார். தெருவைக் கடப்பதும் படிப்பதும் இயலாமற்போகும்.

விழியைச் சோதித்தால் குறை தெரியாததால், இவர்களுள் பலர் மனநோயாளிகள் எனக் கருதப்பட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். 1976-இல் இங்கிலாந்து நரம்பியல் அறிஞர் டேவிட் மார்ஸ்டன், இது தசை இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் கோளாறு, அதாவது டிஸ்டோனியா வகையைச் சேர்ந்தது என்று வாதிட்டார். அதன் பிறகே அப்பார்வை மாறத் தொடங்கியது.

நஞ்சே மருந்தானது

சிகிச்சை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன இறைச்சி உணவால் தசைகள் செயலிழப்பதை ஆராய்ந்தார். அந்நஞ்சு மருந்தாகவும் பயன்படக்கூடும் என்று கருதினார். 1895-இல் பெல்ஜியத்தில் பன்றி இறைச்சி உண்டோர் நோயுற்றபோது, எமில் வான் எர்மெங்கெம் அதற்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், அந்நஞ்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகச் செலுத்தி மாறுகண்ணைச் சரிசெய்யலாம் என்று 1980-இல் எழுதினார். 1989-இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் பிளெபரோஸ்பாசத்துக்கும் இம்மருந்தை ஏற்றது. பொட்டாக்ஸ் என இன்று அழகு சிகிச்சையால் பெயர்பெற்ற மருந்து இதுவே. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை இது ஏறத்தாழ மூன்று மாதங்கள் தடுக்கிறது. பின்னர் மீண்டும் ஊசி போட வேண்டும்.

இன்றைய புரிதல்

இன்று மூன்று நிலைகள் பிரித்தறியப்படுகின்றன. முதலாவது, மையோகைமியா எனப்படும் சாதாரணத் துடிப்பு. தூக்கமின்மை, மன அழுத்தம், மிகுதியான காப்பி அல்லது தேநீர், நெடுநேரம் திரையைப் பார்ப்பது ஆகியவை இதைத் தூண்டும். ஓய்வெடுத்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ மறையும். இரண்டாவது, மேலே கூறிய பிளெபரோஸ்பாசம். மூன்றாவது, முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுத்துக்கொள்வது. பெரும்பாலும் முக நரம்பை இரத்தக் குழாய் ஒன்று அழுத்துவதால் இது நேர்கிறது. அக்குழாயை விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சையை 1960களில் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா வளர்த்தெடுத்தார்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

துடிப்பு சில வாரங்களுக்கு மேல் நீடித்தல், ஒவ்வொரு துடிப்பிலும் இமை முழுவதும் மூடிக்கொள்ளுதல், கன்னம், வாய் போன்ற பிற பகுதிகளுக்குப் பரவுதல், இமை தொங்குதல், கண் சிவத்தல், வீங்குதல் அல்லது நீர், சீழ் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கண் மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் திடீரெனக் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடமா வலமா என்பதைவிட, எத்தனை நாள், எவ்வளவு இறுக்கம், எங்கெல்லாம் பரவுகிறது என்பதே மருத்துவர் கேட்டறிய விரும்புவது.