புல் டர்ஹம்

புல் டர்ஹம் என்பது ரான் ஷெல்டன் எழுதி இயக்க, ஓரியன் பிக்சர்ஸ் நிறுவனம் 1988 ஜூன் மாதம் வெளியிட்ட அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படமாகும். வட கரோலினா மாநிலத்தில் உண்மையிலேயே இயங்கிவரும் டர்ஹம் புல்ஸ் என்ற மைனர் லீக் பேஸ்பால் அணியைச் சுற்றி இதன் கதை நிகழ்கிறது. மைனர் லீக் என்பது மேஜர் லீக் எனப்படும் முதல்நிலைப் போட்டிக்கு வீரர்களைப் பக்குவப்படுத்தும் பல படிகள் கொண்ட அமைப்பாகும். அதில் ஆடுவோருள் பெரும்பாலோர் சொற்ப ஊதியத்துக்குப் பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றி, மேல்படியை எட்டாமலே விலகிவிடுகின்றனர்.

ஷெல்டனும் அவர்களுள் ஒருவரே. பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் கிளை அணிகளில் 1967 முதல் 1971 வரை ஆடிய அவர், மேஜர் லீக்கிற்கு ஒரு படி கீழிருந்த ராச்செஸ்டர் அணியோடு நின்றுவிட்டார். நாயகன் கிராஷ் டேவிஸின் பெயரை 1940களில் டர்ஹம் அணிக்கு ஆடிய ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அவர், வேகம் மிகுந்தும் குறி தப்பும் இளம் பிட்சர் (பந்தெறிபவர்) நூக் லலூஷின் பாத்திரத்துக்கு, அதே கிளை அணிகளில் 1957இல் 62 இன்னிங்ஸில் 121 பேரை வீழ்த்தி, 129 பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்ட ஸ்டீவ் டல்கோவ்ஸ்கியை ஓரளவு மாதிரியாகக் கொண்டார்.

கெவின் காஸ்ட்னர், டிம் ராபின்ஸ், சூசன் சரண்டன் ஆகியோர் நடித்த இப்படத்தின் சிறப்பு, இறுதி ஆட்டத்து வெற்றி என்னும் விளையாட்டுப் பட வழக்கத்தைக் கைவிட்டதே எனலாம். பிட்சர் மேட்டில் கூடும் ஆட்டக்காரர்கள் நெருக்கடியான கட்டத்திலும் திருமணப் பரிசாக மெழுகுவர்த்தித் தாங்கி தரலாமா என்று விவாதிக்கும் காட்சி இதற்குச் சான்றாகும். மைனர் லீக் ஹோம் ரன் சாதனையை (பந்தை வேலிக்கு வெளியே அடித்துத் தளங்களைச் சுற்றிவரும் அடிகளின் எண்ணிக்கை) கிராஷ் முறியடிக்கும்போது அதைக் கொண்டாட எவருமில்லை. அவர் ஆட்டம் சொல்லிக்கொடுத்த நூக்கோ மேஜர் லீக்கிற்குச் சென்றுவிடுகிறார்.

படப்பிடிப்பு 1987 இலையுதிர்காலத்தில் டர்ஹம் அத்லெடிக் பார்க்கில் நடந்தது; கதை கோடையில் நிகழ்வதால் பழுத்த இலைகளுக்குப் பச்சை வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தும் விருது ரெயின் மேன் படத்துக்குச் சென்றது. படத்தால் புகழ்பெற்ற அணி, 1995இல் புதிய அரங்கிற்கும் 1998இல் மைனர் லீக்கின் உச்சப் படிக்கும் நகர்ந்தது. 2003இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் ஏற்பாடு செய்திருந்த படத்தின் பதினைந்தாம் ஆண்டு விழா, ராபின்ஸும் சரண்டனும் ஈராக் போரை எதிர்த்ததைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. படம் உருவான வரலாற்றை ஷெல்டனே 2022இல் தனி நூலாக எழுதினார்.