முகப்பருவும் பழி சுமந்தவர்களும்

யாங்கோனின் கொன்சேதான் தெருவில் இருக்கும் ஸ்ரீ காளி கோவில், தமிழர்கள் 1871இல் கட்டியது. அங்கு வரும் பிள்ளைகளின் முகத்தைக் கவனித்தால் இரண்டு ஊர் தெரியும். நெற்றியில் திருநீறு, கன்னங்களில் தனக்கா. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் வசித்த ஏறத்தாழ 4 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 1942இன் நடைப்பயணமும் 1964க்குப் பிந்தைய கப்பல்களும் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சிய வீடுகளில், தமிழ் வாசிக்கத் தெரியாத தலைமுறைகூட ஒரு தமிழ்ச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறது: சூடு. பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் பரு வந்தால் அப்பத்தா சொல்வார், "சூடு ஏறிப்போச்சு. மாம்பழத்த நிறுத்து, தலைக்கு எண்ணெ தேச்சுக் குளி." பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டியும் அதையே தன் மொழியில் சொல்லிவிட்டு, குளிர்ச்சிக்குத் தனக்கா அரைத்துத் தருவார்.

இரண்டு பாட்டிகளும் ஒத்துப்போகும் இடத்தில் பிள்ளைக்குத் தப்பிக்க வழியில்லை. பரு வந்தது அதன் குற்றம் என்றாகிவிடுகிறது. கண்டதைத் தின்றது, முகம் கழுவவில்லை, இரவில் தூங்கவில்லை, அல்லது வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறேதோ செய்தது. இந்தக் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றில் பல நாம் நினைக்கிற அளவுக்கு நம்முடையவை அல்ல.

முதலில் பெயர்கள். 'பரு' என்றால் புடைப்பது, பெருப்பது. பருத்தல் என்ற வினையும் அதுவே. 'பருவம்' வேறு வழியாக, வடமொழியின் 'பர்வன்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். ஒலி தற்செயலாகப் பொருந்தியதால் பருவத்தில் வருவது பரு என்று நாம் நம்பிக்கொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால் கிரேக்கர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'ஆக்னி' என்ற பெயர், 6ஆம் நூற்றாண்டு மருத்துவர் அமிடாவின் ஏட்டியஸ் எழுதியதைப் படியெடுத்தவர்களின் எழுத்துப்பிழை என்றும், மூலச்சொல் 'உச்சி' அல்லது 'இளமையின் மலர்ச்சி' என்ற பொருளுடைய 'அக்மே' என்றும் பலர் கருதுகிறார்கள். பர்மிய மொழி இவ்வளவு தாராளம் காட்டவில்லை. அங்கே பருவுக்கு வழங்கும் 'வெச்சான்' என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் பன்றித் தொழுவம் என்று வரும். அழுக்குக்கும் பருவுக்கும் முடிச்சுப் போட அதைவிட வசதியான சொல் கிடையாது.

சூடு என்பது ஆயுர்வேதத்திலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். சுஸ்ருத சங்கிதை இதை 'முகதூஷிகா', அதாவது முகத்தைக் கெடுப்பது என்று அழைத்து, சிறு நோய்களின் பட்டியலில் வைக்கிறது. இளையோர் முகத்தில் இலவ மரத்து முள்ளைப் போல எழுவது என்கிறது. இலவ மரத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் புரியும்: அடி அகன்று, நுனி கூர்ந்து, தண்டெங்கும் இடைவெளி விட்டு. காரணமாக அது சொல்வது கபம், வாதம், இரத்தம். சூட்டுக்குரிய பித்தம் அந்த வரியில் இல்லவே இல்லை! வாந்தி எடுக்க வைப்பதும், வசம்பு, கடுகு, இந்துப்பு சேர்த்துப் பூசுவதும் அதன் சிகிச்சை. தின்ற மாம்பழத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் கிடையாது. ஆக, சூடு என்பது ஏட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கியதல்ல. கொப்புளம், கட்டி, வாய்ப்புண் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதும் சமையலறையின் கோட்பாடு அது. மாம்பழமும் கோடையும் விடுமுறையும் ஒரே நேரத்தில் வருவதால் பழி மாம்பழத்தின் மேல் விழுகிறது.

நான் பிழைப்புக்குக் கணினி அமைப்புகளைப் பார்ப்பவன். ஒரு சர்வர் விழுந்தால், நேற்று கடைசியாகக் கைவைத்தது யார் என்றுதான் எங்கள் கூட்டத்தில் முதலில் கேட்போம். பல நேரம் கோளாறு சில வாரங்களுக்கு முன்பே உள்ளே ஏறியிருக்கும். பருவும் அப்படித்தான். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் சுரப்பு கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் பெருக்கின்றன. மயிர்க்கால் துளையின் உட்பக்கம் உதிரும் செல்கள் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்க, வீக்கம். கண்ணாடியில் இன்று காலை தெரிந்த பரு, தோலுக்கடியில் பல வாரங்களுக்கு முன் தொடங்கியது. நேற்றிரவுக் கல்யாணப் பந்தியில் தின்ற பூரிக்கு அதில் பங்கில்லை. பிரிட்டனில் இரட்டையரை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, ஆளுக்கு ஆள் பருவில் காணும் வேறுபாட்டில் 81 சதவீதத்தைப் பரம்பரைக்குக் கொடுத்தது. திட்டும் தகப்பனார் தன் பழைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வாய்விட்டுச் சொல்ல முடியாத குற்றத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் சுய இன்பத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். ஐரோப்பா முழுதும் அது பரவியது. அதனால் விளைவதாக அவர் அடுக்கிய கேடுகளில் முகத்துக் கொப்புளங்களும் உண்டு. அடுத்த நூறாண்டுக்கு மேல் மருத்துவர்களே இதை நம்பினார்கள். பருவுள்ள பையனின் முகம் அவன் அறையின் சாட்சியாகிவிட்டது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் இதே நாணயத்தின் மறுபக்கம். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று அழைத்து, ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்ட வைத்தியர்கள் விற்றதும் டிஸ்ஸோவின் சரக்கைத்தான், நாட்டு மூலிகைப் பொட்டலத்தில் கட்டி. கல்யாண வயதில் பரு குறைவது சுரப்பு நிதானமடைவதால். தாலி கட்டிய பின்பும், முப்பதைத் தாண்டியும் பருவோடு இருக்கும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம்.

அழுக்கு என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு கரும்புள்ளி போதும். அந்தக் கறுப்பு தூசி அல்ல. துளையில் அடைத்த கொழுப்பும் மெலனின் நிறமியும் காற்றுப் பட்டுக் கறுத்தது. அதை நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் புண்படும், பரு கூடும்.

உணவு விஷயத்தில்தான் கதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 1969இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற மூவர், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 65 பேர், அதில் 35 பேர் சிறைக் கைதிகள். ஒரு மாதம் தினமும் சாக்லேட் கட்டி, இன்னொரு மாதம் அதே தோற்றத்தில் சாக்லேட் இல்லாத கட்டி. பருவில் வேறுபாடில்லை என்றார்கள். கட்டிகளைத் தந்தது சாக்லேட் உற்பத்தியாளர் சங்கம். சாக்லேட் இல்லாத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்ததைப் பலர் பின்னர்தான் கவனித்தார்கள். அதற்குள் 'உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை' என்பது பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான், வெள்ளை அங்கி போட்டது. 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் பரிசோதித்த 1,200 பேரில் ஒருவரிடமும் பரு இல்லை. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் தின்பவர்கள் அவர்கள். தேங்காய்க் கொழுப்பு அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்பதை அப்பத்தாவின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். 2007இல் மெல்பர்னில் 43 இளைஞர்களை வைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்திய சோதனையில், இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு உண்டவர்களுக்குப் பரு குறைந்தது. ஆக எண்ணெய்ப் பலகாரத்தைவிட அதோடு குடிக்கும் சர்க்கரை போட்ட பானத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதுவும் பல காரணங்களில் ஒன்றாக மட்டும்.

இனி தனக்கா. அந்த மரம் நமக்கு அந்நியமல்ல. தமிழில் மகாவில்வம், பல சிவன் கோவில் நந்தவனங்களில் நிற்பது. பர்மாவின் வறண்ட நடுநிலமான ஷ்வேபோ, பக்கொக்கு பக்கத்துக் கட்டைகளுக்குப் பேர் அதிகம். சௌப்பின் என்னும் வட்டக் கல்லில் நீர் விட்டுப் பட்டையை அரைப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் பயின்னவுங் மன்னரின் மகள் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கல்லொன்று பகோவின் ஷ்வேமாடோ பகோடாவில் இருக்கிறது. பட்டையில் உள்ள மார்மெசின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. வெயிலுக்கு நல்லது, குளுமை தருகிறது, அழகாகவும் இருக்கிறது. அந்த அழகுக்காகப் பூசுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய, வலியுள்ள பருவை அது ஆற்றாது. கடையில் டப்பாவில் வரும் தனக்காவைக் குழந்தைக்குப் பூசுவதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. 2009இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வேய்ன் நகரில் பர்மிய அகதிக் குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை ஆராய்ந்தபோது, வயிற்றுக்குக் கொடுத்த ஒரு நாட்டு மருந்தில் ஈயம் அகப்பட்டது. தனக்கா பூசிய குழந்தைகளிடமும் அபாயம் கூடுதலாகப் பதிவானது.

பழைய நம்பிக்கைகளால் பெரிய கேடில்லை, மாம்பழம் ஒரு மாதம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமே? விட முடியாததற்குக் காரணம் காலம். சூடு தணியட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று காத்திருக்கும் ஆண்டுகளில்தான் ஆழமான பரு தழும்பாகிறது. காத்திருக்கப் பொறுமையில்லாத பிள்ளை, முகநூலில் விற்கும் பெயரில்லாத களிம்பைத் தானே வாங்குகிறது. மியான்மரில் 2014இல் சிம் அட்டை 1,500 சாட்டுக்கு இறங்கிய பிறகு அந்தக் கடைத்தெரு ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட்டது. பரு மூன்று நாளில் அடங்கி, நிறமும் வெளுத்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், முன்னிலும் மோசமாகப் பரு கிளம்பும், தோல் மெலியும். இந்தியாவின் 12 மையங்களில் தோல் மருத்துவரிடம் வந்த 2,926 நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரையில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். சிவப்பழகும் பருவும் முன்னணிக் காரணங்கள். நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே பேச்சில்தான் வரும் என்பதால் இதில் வியப்பில்லை.

பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் விலை உயர்ந்த மருந்துகள் அல்ல. மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. முதல் வாரங்களில் தோல் உரியும், எரியும். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். இரண்டாம் வாரமே, "இது கேக்கல கண்ணு, விட்டுடு" என்று சொல்லி, தன் கைப்பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து நீட்டும் சித்தி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.